அரையாண்டு லீவும் ஜெர்மனிக் கிறிஸ்துமஸும்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் பெரும்பாலான கிறிஸ்துமஸ் சந்தைகள் டிசம்பர் 24-க்குள் கடையைக் கட்டிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடுவதோ அநேகமாக 23, 24 தேதிகளில்தான். லீவு விட்ட இரவே விமானம் ஏறினாலும், பலகைகளைப் பிரித்து லாரியில் ஏற்றுவதைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். முதல் தடவை போகும் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஆகவே டிக்கெட் தேடும் முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை பவேரியா மாநிலத்தில் உள்ள நியூரம்பெர்க் நகரை வைத்து எழுதப்பட்டது. பிள்ளைகளுக்கென்றே தனிச் சந்தை, நடந்தே முடிக்கக்கூடிய பழைய நகரம், சுற்றியுள்ள ஊர்களுக்கு நல்ல ரயில் வசதி என்று முதல் பயணத்துக்கு ஏற்ற ஊர் அது.

தேதியை முடிவு செய்தல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை அட்வென்ட் ஞாயிறுகள் என்கிறார்கள். முதல் அட்வென்ட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நியூரம்பெர்க் சந்தை திறக்கும். 24-ஆம் தேதி மதியம் 2 மணிக்கு மூடும். 2026-இல் முதல் அட்வென்ட் நவம்பர் 29. ஆக, நவம்பர் 27 முதல் டிசம்பர் 24 மதியம் வரை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் லீவு கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவு, அறை வாடகை குறைவு. அதோடு டிசம்பர் 6 நிக்கோலாஸ் திருநாளும் கிடைக்கும். 5-ஆம் தேதி இரவு பிள்ளைகள் தங்கள் பூட்ஸைத் துடைத்துக் கதவோரம் வைப்பார்கள். காலையில் அதற்குள் ஆரஞ்சும் வேர்க்கடலையும் சாக்லேட்டும் இருக்கும். தங்கும் வீட்டிலேயே இதை நீங்களும் செய்யலாம், ஐந்து யூரோகூட ஆகாது. ஆல்ப்ஸ் மலையோர ஊர்களில் அந்த நாட்களில் கொம்பும் ரோமத்தோலும் அணிந்த கிராம்புஸ் வேடக்காரர்கள் ஊர்வலம் வருவார்கள். ஆறு வயதுக்குக் கீழுள்ளவர்களை அதற்கு அழைத்துப் போக வேண்டாம். பயந்தால் அந்த இரவு முழுக்கத் தூக்கம் போகும்.

லீவு கிடைக்கவே கிடைக்காது, 24-க்குப் பிறகுதான் முடியும் என்றால் நியூரம்பெர்க்கை விட்டுவிட்டு வேறு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் பழைய நகரச் சதுக்கச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவின் ஷான்புருன் அரண்மனைச் சந்தையும் பண்டிகைக்குப் பிறகு தொடர்வது. கோபன்ஹேகனின் டிவோலி பூங்கா ஜனவரித் தொடக்கம் வரை விளக்கோடு இருக்கும். பெர்லினில் சில சந்தைகள் டிசம்பர் 31 வரை. ஒவ்வோராண்டும் தேதி ஓரிரு நாள் நகரும் என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே பணம் கட்டுங்கள்.

விசா

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள் முன்பு. அந்தக் கடைசி எல்லையை நம்பாதீர்கள். டிசம்பர் பயணத்துக்குச் செப்டம்பரிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுவது நல்லது. ஒரே நாளில் நான்கு பேருக்கும் சேர்த்துக் கிடைப்பதுதான் கஷ்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை எடுக்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், கைக்குழந்தைக்கும்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் தடங்கல் வருவது இரண்டு தாள்களில். ஒன்று பிறப்புச் சான்றிதழ்: அதில் உள்ள பெற்றோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம்மில் பலருக்கு இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். இதை ஜூலையிலேயே சரிபாருங்கள். மற்றது, அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் கூடப் போகிறார் என்றால் மற்றவரின் நோட்டரி கையொப்பமிட்ட சம்மதக் கடிதம். பல நாடுகள் போவதானால் அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

உடுப்பு

நியூரம்பெர்க்கில் டிசம்பர் குளிர் பொதுவாக மைனஸ் 2-க்கும் 5 டிகிரிக்கும் நடுவில். கேட்க அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் ஈரக்காற்றில், கல் தரையில், இரண்டு மணி நேரம் நகராமல் நிற்கும் குளிர் வேறு. ஜெர்மானியர்கள் வெங்காய முறை என்பார்கள்: தோல் தோலாகப் போட்டு, தேவைப்பட்டால் உரித்துக்கொள்வது.

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். ஓடி விளையாடும் பிள்ளைக்கு வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் முதுகு சில்லிட்டுவிடும். அடுத்து ஃபிளீஸ் எனும் மெத்தென்ற மேல்சட்டை. மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். ஆளுக்குத் தெர்மல் இரண்டு ஜோடி, ஃபிளீஸ் ஒன்று, குல்லா இரண்டு (ஒன்று நிச்சயம் தொலையும்), கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி போதும். நாலு வயதுக்குக் கீழே விரல் பிரிந்த கையுறை எடுபடாது. கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் பை மாதிரிக் கையுறைதான் சூடு. இரண்டையும் ஒரு கயிற்றில் கோத்து ஜாக்கெட் கைகளுக்குள் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஷூ. பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு, சரியான அளவு ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பது. கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். கால்விரல்தான் முதலில் மரத்துப்போகும், பிள்ளை காரணம் சொல்லத் தெரியாமல் அழும். சாக்ஸ் போட்ட பிறகும் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஷூவுக்குள் அடியில் கம்பளி அல்லது ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உள்ளட்டை ஒன்று வையுங்கள். அங்குள்ள ஷூ கடைகளிலும், சோப்பு, ஷாம்பு விற்கும் ட்ரோகரி கடைகளிலும் கிடைக்கும். சந்தையில் ரொம்ப நேரம் நிற்கப் போகிறீர்கள் என்றால் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் காலடியில் போட்டு நிற்க வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

குளிருகிறதா என்று பிள்ளையைக் கேட்காதீர்கள், ராட்டினத்தை விட்டு வர மனமில்லாமல் இல்லை என்றுதான் சொல்லும். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், சில்லென்றிருந்தால் உடனே கூரைக்கு அடியில் போய்விடுங்கள்.

பிள்ளைகளுக்கான கார் சீட்டில் உட்கார வைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். ஜாக்கெட்டோடு கட்டினால் பெல்ட் இறுக்கமாகத் தெரியும், உள்ளே தொளதொளவென்று இருக்கும். ஜெர்மனியில் 12 வயது முடியாத, 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அந்தச் சீட் சட்டப்படி கட்டாயம். டாக்சி சொல்லும்போதே பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று நாள்

குளிர்காலத்தில் இந்தியா ஜெர்மனியை விட நாலரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 4.30 என்றால் பிள்ளையின் உடம்புக்கு இரவு 9. டிசம்பரில் அங்கே பொழுது சாய்வதும் நாலேகால் மணி வாக்கில்தான். அதாவது, நீங்கள் இத்தனை தூரம் பறந்து வந்தது எந்த விளக்குகளைப் பார்க்கவோ, அவை எரியத் தொடங்கும் நேரத்தில் பிள்ளைக்குக் கண் சொருகும். போய் இறங்கிய முதல் மாலையே சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனால் தோளில் தூங்கும் பிள்ளையும் கையில் ஆறிப்போன பானமுமாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

பயணத்துக்கு நாலு நாள் முன்பிருந்து இங்கேயே தினமும் அரை மணி நேரம் தள்ளிப் படுக்க வையுங்கள். அங்கே முதல் இரண்டு நாள் பகல் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடக்க விடுங்கள், பொழுது புலர்வதே 8 மணிக்குத்தான். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார்கள். ரொட்டி, வாழைப்பழம், பால் முதல் நாளே வாங்கி வைத்திருங்கள். சந்தையை மூன்றாம் மாலைக்கு வையுங்கள். அன்று மதியம் 1 முதல் 2.30 வரை தூக்கம், எழுந்ததும் வயிறு நிறையச் சாப்பாடு, 3.30-க்குச் சந்தை.

சந்தையில்

நியூரம்பெர்க் சந்தை ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் காலை 10 முதல் இரவு 9 வரை. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணிக்கூரை மரக்கடைகள். திங்கள் முதல் புதன் வரை பிற்பகலில் போங்கள். ஆபீஸ் விட்ட கூட்டம் 5.30-க்கு மேல் வந்து சேரும். சனிக்கிழமை மாலை கடைச் சந்துகளில் பெரியவர்களே அங்குலம் அங்குலமாகத்தான் நகர முடியும். பிள்ளையின் உயரத்தில் தெரிவதெல்லாம் கோட்டும் முழங்காலும்தான். தள்ளுவண்டி சிக்கிக்கொள்ளும், கல் பாவிய தரையில் சக்கரமும் ஓடாது. கைக்குழந்தையை நெஞ்சில் கட்டும் கேரியரில் வைத்து உங்கள் ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்வதே வசதி.

பிள்ளைகளின் இடம் பெரிய சந்தை அல்ல. அங்கிருந்து சில நிமிட நடையில் ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் கிண்டர்வைனாக்ட் என்ற குழந்தைகள் சந்தை இருக்கிறது: இரண்டடுக்குக் குதிரை ராட்டினம், சின்ன ரயில், ரங்கராட்டினம். சவாரிக்குச் சில யூரோ வீதம் மளமளவென்று கரையும். ஆகவே ஆளுக்கு 15 யூரோவைச் சில்லறையாக ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்து, இது தீர்ந்தால் முடிந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணி எண்ணிச் செலவு செய்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

பரிசு கொண்டு வருபவர் யார் என்பதையும் ஊரிலேயே சொல்லி வையுங்கள். தென் ஜெர்மனியில் பரிசு கொண்டு வருவது சாண்டா அல்ல, கிறிஸ்ட்கிண்ட் என்ற தேவதை போன்ற உருவம், அதுவும் 24-ஆம் தேதி மாலையில். நியூரம்பெர்க்கில் 16 முதல் 19 வயதுக்குள் ஒரு பெண்ணை இரண்டாண்டுக்கு ஒரு முறை இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொன்னிற முடி, பொன் கிரீடம், சிறகு போல் விரியும் பொன்னிறச் சட்டைக் கைகள். திறப்பு நாள் மாலையில் ஃபிரவுவன்கிர்ஹே தேவாலய மாடத்தில் நின்று அவர்தான் சந்தையைத் திறந்து வைப்பார். பிறகும் குழந்தைகளைப் பார்க்கச் சந்தைக்கு வருவார். நேரம் அன்றன்றைய நிகழ்ச்சிப் பட்டியலில் இருக்கும். திறப்பு மாலையின் நெரிசல் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது, சாதாரண நாளில் கிட்டே போய்ப் பார்ப்பதே மேல். அதே தேவாலயத்தில் பகல் 12 மணிக்குக் கடிகாரம் அடிக்கும்போது ஏழு பொம்மைக் கோமான்கள் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி வலம் வருவார்கள். பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள்.

தொலைந்துபோனால் சந்திக்க ஓர் இடம் சொல்லி வைக்க வேண்டும். சதுக்கத்தின் ஓரத்தில் கோபுரம் போல் எழும் ஷேனர் புரூன்னன் நீரூற்று எங்கிருந்தும் தெரியும். கிளம்பும் முன் பிள்ளையை அன்றைய உடுப்போடு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணை +91 சேர்த்து மணிக்கட்டில் எழுதி, மேலே நகப்பூச்சு தடவினால் வியர்வைக்கு அழியாது.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று. குளூவைன் என்பது பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது. கிண்டர்புன்ஷ் என்பது அதே மசாலா போட்ட பழச்சாறு. இரண்டும் ஒரே அடர்சிவப்பு, ஒரே பட்டை வாசனை, பெரும்பாலும் ஒரே பீங்கான் குவளை. நாலு குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு நெரிசலில் திரும்பும்போது எது எது என்று மாறிப்போகும். பிள்ளைகளுடையதை முதலில் தனியாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பெரியவர்களுக்கு வாங்குங்கள். கேட்கும்போது "ஓனே அல்கோஹோல்" என்று சொல்லுங்கள், மது இல்லாமல் என்று பொருள். "மிட் ஷுஸ்" என்றிருந்தால் மேலே ரம்மோ வேறு சாராயமோ ஊற்றியது. சூடான சாக்லேட்டிலும் இது உண்டு. குவளைக்குச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். அந்த ஆண்டு அச்சிட்ட குவளை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். மூடியுள்ள ஒரு குட்டி ஃபிளாஸ்க்கை எடுத்துப் போய் அதில் மாற்றி ஆற்றிக் கொடுத்தால் நாக்கு சுடாது.

கார்டு வாங்காத கடைகள் இன்னும் உண்டு. 1, 2 யூரோ நாணயங்களைத் தனியாக வைத்திருங்கள். கழிப்பறைக்கும் 50 சென்ட் முதல் 1 யூரோ வேண்டும், பிள்ளைகள் அவசரம் என்று சொல்லும்போது நோட்டை மாற்ற நேரம் இருக்காது.

சாப்பாடு

சைவம் என்றால்: உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த கார்ட்டோஃபெல்புஃபர், ஆப்பிள் மசியலோடு தருவார்கள், பெரும்பாலும் முட்டை சேர்த்திருக்கும். சுட்ட கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், சீஸ் சேர்த்த ஷ்பேட்ஸ்லே எனும் முட்டை நூடுல்ஸ். நியூரம்பெர்க்கின் பெயர்போன, விரல் நீளச் சாஸேஜ் பன்றி இறைச்சி. ரொட்டிக்குள் மூன்று வைத்துத் தருவார்கள். ஊரின் அடையாளமான லெப்கூஹன் மசாலாக் கேக்கில் எலீஸன் வகைதான் உயர்ந்தது, அதில் குறைந்தது கால்பங்கு பாதாம், ஹேசல், வால்நட் போன்ற கொட்டை இருக்க வேண்டும், மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சந்தை முழுவதுமே கவனமாக நடக்க வேண்டிய இடம். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின். ஷ்டோலன் கேக்கின் திராட்சை ரம்மில் ஊறியிருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டு போகலாம்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சி, பால் பொருள் எதுவும் கொண்டு வரக் கூடாது. நெய், பால்கோவா, பால் ஸ்வீட் எல்லாம் இதில் அடங்கும். பசுங் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், ஆகவே விட்டுவிடுங்கள். கைக்குழந்தைப் பால்பவுடருக்கு விலக்கு உண்டு, அது பிரிக்காத டின்னில், தயாரிப்பாளர் சீலோடு, ஆளுக்கு 2 கிலோ வரை. ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அரிசி ஆகியவற்றுக்குத் தடையில்லை. அங்கே வீட்டுத் தயிருக்கு அருகில் வருவது "நாட்டூர்யோகுர்ட்" என்று எழுதிய, 3.5 சதவீதக் கொழுப்புள்ள டப்பா. அதில் பிசைந்த சாதம் முதல் வாரத்தில் பல பிள்ளைகளைக் காப்பாற்றும்.

ரயில்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பிராங்க்பர்ட்டில் இறங்குவார்கள். விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம்; நியூரம்பெர்க்குக்கு ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். மலிவான ஷ்பார்பிரைஸ் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். எல்லைச் சோதனையில் இப்போது முதல் நுழைவின்போது முகப்படம் எடுக்கிறார்கள்; வரிசை நீளும். எனவே விமானம் இறங்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் கழித்து ரயிலை வையுங்கள், இல்லையென்றால் எந்த ரயிலிலும் செல்லும் டிக்கெட் எடுங்கள்.

ஆறு வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். 6 முதல் 14 வயது வரை பெரியவர் கூட இருந்தால் இலவசம். ஆனால் முன்பதிவு செய்யும்போதே அவர்கள் எண்ணிக்கையைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்க மறந்துவிட்டு ரயிலில் விளக்கம் சொல்வது பலருக்கும் நேர்வது. டிக்கெட் வேறு, இருக்கைப் பதிவு வேறு. பண்டிகைக் காலத்தில் இருக்கையையும் பதியாவிட்டால் கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்து போக நேரும்.

உள்ளூர்ச் சுற்றுலாவுக்குப் பயர்ன்-டிக்கெட். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை, பவேரியாவின் உள்ளூர் ரயில்களில் ஒருநாள் முழுக்க. வேலை நாளில் காலை 9-க்குப் பிறகே செல்லும், ஐசிஇயில் செல்லாது. இதில் ரோட்டன்பர்க் போய் வாருங்கள். அன்ஸ்பாக், ஷ்டைனாக் என்று மாறி ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். மதிலுக்குள் நிற்கும் பழைய ஊர், ஆண்டு முழுதும் இயங்கும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் கடை.

கதவடைக்கும் நாட்கள்

24-ஆம் தேதி மதியம் 2 மணிக்குக் கடைகள் மூடும். 25, 26 இரண்டுமே அரசு விடுமுறை. ஞாயிறுகளிலும் கடை கிடையாது. 2026-இல் 26 சனி, 27 ஞாயிறு. ஆக 24 மதியம் மூடிய சூப்பர் மார்க்கெட் 28 திங்கள் காலைதான் திறக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் கைகொடுக்கும், விலை கூடுதல்.

இந்த நாட்களுக்குச் சமையலறை உள்ள ஃபெரியன்வோனுங் வாடகை வீடுதான் ஏற்றது. வாங்குவதை 22-ஆம் தேதியே முடியுங்கள், 23 மாலை வரிசை கடை வாசல் வரை நிற்கும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைக்கு: பால் 4 லிட்டர், தயிர் 2 கிலோ, அரிசி ஒன்றரை கிலோ, முட்டை 10, ரொட்டி 2, உருளைக்கிழங்கு 2 கிலோ, வெங்காயம், தக்காளி, கேரட் தலா 1 கிலோ, பழம் 2 கிலோ. டயபர் இருப்பதைவிட ஒரு பாக்கெட் கூடுதல். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

24 மாலை ஊரே வீட்டுக்குள் போய்விடும். ஓட்டல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறையும். ஆனால் அன்று பிற்பகல் தேவாலயங்களில் கிரிப்பன்ஷ்பீல் நடக்கும். ஊர்ப் பிள்ளைகளே மரியாளாகவும் இடையர்களாகவும் நடிக்கும் நாடகம். யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணமில்லை. அரை மணி முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். கல் கட்டடம் குளிரும், ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். மொழி புரியாவிட்டாலும் கதை புரியும். இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வோம். அருங்காட்சியகங்களில் பல 26 அன்று திறந்திருக்கும். நியூரம்பெர்க்கில் பொம்மை அருங்காட்சியகமும் ரயில்வே அருங்காட்சியகமும் பிள்ளைகளுக்கானவை. அந்தந்த வார நேரத்தைப் பார்த்துப் போங்கள்.

காய்ச்சல் வந்தால்

பாராசிட்டமால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதேக் எனும் மருந்துக்கடையில் மட்டுமே. பிள்ளையின் எடைக்கேற்ற சிரப், ஓஆர்எஸ், வழக்கமான மருந்து எல்லாவற்றையும் சீட்டோடு எடுத்துப் போங்கள். விடுமுறையிலும் முறை வைத்து ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும்; எது என்று எல்லா மருந்துக்கடைக் கதவிலும் ஒட்டியிருப்பார்கள். டாக்டர் வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117. ஆபத்து என்றால் 112.

வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும்; பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான். இரவில் ஈரத்துண்டு ஒன்றை அறையில் விரித்து, ஹீட்டர் திருகை 2-இல் வையுங்கள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாக உறைந்துவிடும், தண்ணீர் சேராத குளிர்காலக் கிரீம் தடவுங்கள்.

திரும்பும்போது

ஒரே கடையில் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் பொம்மையோ உடுப்போ வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி டாக்ஸ்-ஃப்ரீ தாள் கேளுங்கள். விமான நிலையத்தில் பொருளைச் சுங்க அதிகாரிக்குக் காட்டி முத்திரை வாங்கிய பிறகே அந்தப் பெட்டி உள்ளே போக வேண்டும். முதலிலேயே பெட்டியை அனுப்பிவிட்டுப் பிறகு தாளோடு அலைகிறவர்கள் நிறைய. குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டைக்குள் இருப்பது திரவம். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும், பிள்ளையின் கண் முன்னாலேயே. கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்து, செக்-இன் பெட்டியின் நடுவில், ஃபிளீஸ்களுக்கு இடையே வையுங்கள்.